ஒரு கண்ணாடி முடிஞ்சதும்

– கருவி விக்கிறதுதான் என் வேலை, வாங்குறது எதுக்குன்னு கேக்குறது இல்லை. ஆனா தம்பி, சூடு காத்து ஊதுற அந்த ஹீட் கன்னோட மூஞ்சி உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டிருக்கு.

– ஐயோ! முடி காயவைக்கிற மெஷின் மாதிரியே இருந்துச்சுக்கா, அதான்.

– அதுல காயவச்சா முடி மிஞ்சாது. கீழ வைங்க. கார் கண்ணாடிக்கு பிலிம் ஒட்டுறதுல எத்தனை வருஷ அனுபவம்?

– மூணு வருஷம்கா.

– மூணு. சரி, பிலிமை கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டுவீங்களா, வெளிப்பக்கமா?

– அது... வண்டியைப் பொறுத்து.

– ஓட்டுறவர் ஜாதகத்தைப் பொறுத்துன்னு சொல்லுங்களேன். எந்த வண்டியா இருந்தாலும் உள்பக்கம்தான் தம்பி.

– அப்ப மூணு வருஷம் இல்லைக்கா. இன்னைக்குத்தான் முதல் நாள்.

– அது பேச்சு. சரக்கே இல்லாம கடை விரிக்கக் கூடாது. கையில என்ன சீட்டு?

– வாங்க வேண்டிய லிஸ்ட்டு. ஒருத்தங்க எழுதிக் குடுத்தாங்க. இந்தக் கடைக்குத்தான் போகணும், வேற கடை வாசலை மிதிக்கக் கூடாதுன்னு உத்தரவு.

– குடுங்க பாப்போம்... ம்ம்.

– என்னக்கா, மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடியும் படிக்கிறீங்க? எழுத்து புரியலையா?

– நல்லாவே புரியுது. 'ரப்பர் வைப்பர், கெட்டி அட்டை, முனை ஒடிக்கிற கத்தி, ஸ்ப்ரே பாட்டில்.' கடைசியில 'பேரம் பேசாதே', அதுக்குக் கீழ ரெண்டு கோடு. எழுதினவங்களுக்குத் தொழிலும் தெரியுது, உங்களையும் தெரியுது. யாரது?

– தெரிஞ்சவங்க.

– தெரிஞ்சவங்கன்னு சொன்னா காது ஏன் சிவக்குது? அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. கதை வந்தாத்தான் சாமான் வரும்.

– சிரிக்கக் கூடாது. நான் பேக்கரியில கேக்குக்கு க்ரீம் பூசுற ஆளு. இந்தச் சீட்டை எழுதினவ கேக்கு வாங்க வந்தா. அப்புறம் கேக்கு வேணாம்னாலும் வந்தா. ரெண்டு வருஷம் ஆச்சு. போன வாரம் அவ அப்பா காரை எடுத்துக்கிட்டு வந்திருந்தா, நான் முன் சீட்ல உக்காந்து பேசிக்கிட்டிருந்தேன். திடீர்னு ஜன்னல்ல ஒரு மீசை.

– அப்பா.

– அப்பாவேதான். இவ பதறிப்போய், 'இவரு கண்ணாடிக்கு பிலிம் ஒட்டுறவருப்பா, அளவு எடுக்குறாரு'ன்னுட்டா.

– அளவா? எதால எடுத்தீங்க?

– கேக் டப்பாவுல கட்டியிருந்த ரிப்பனால.

– கடவுளே. அவர் நம்பினாரா?

– என் சட்டையில வெள்ளையா க்ரீம் ஒட்டியிருந்துச்சு. என்னதுன்னு கேட்டாரு. பசைன்னேன்.

– பிலிம்லயே பசை இருக்குமே!

– அதை நீங்க இப்பதானே சொல்றீங்க! அவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. 'ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுக்கு வா, உன் சொந்தக் கருவியோட வா'ன்னாரு. அவ்வளவுதான்கா. அன்னைக்கு சொதப்பினா அந்த வீட்டு வாசல்ல நான் மறுபடி கால் வைக்க முடியாது.

– ம். வேற ஆளே கிடைக்காம கேக்குக்காரன்... சரி, எழுந்திரிங்க. முதல்ல கத்தி. எதை எடுப்பீங்க?

– இந்தப் பெருசு. பாத்தாலே தொழில்காரன்னு தோணும்.

– அது தரைவிரிப்பு வெட்டுறதுக்கு. இந்தச் சின்னது போதும். முனை மழுங்கின உடனே ஒடிச்சுப் போட்டுட்டு அடுத்த முனைக்குப் போகணும். அதுல கஞ்சத்தனம் பண்ணினா பிலிம் வெட்டுப்படாது, கிழியும். கையை அழுத்தவும் கூடாது, தூங்குற பூனையைத் தடவுற மாதிரி.

– கேக்கு மேல பேர் எழுதுற மாதிரி.

– எந்தப் பஸ் ஏறினாலும் பேக்கரி ஸ்டாப்புல இறங்குறீங்க. அடுத்தது வைப்பர்.

– ரெண்டு விலை போட்டிருக்கே, சின்ன விலையே இருக்கட்டும்.

– அது வீட்டு ஜன்னல் துடைக்க. ரப்பர் ஓரத்தை விரலால தடவிப் பாருங்க. ஒரு இடத்துல சொரசொரன்னு இருந்தாலும் பிலிம்ல கோடு விழும். இதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. கெட்டி அட்டை ஓரத்துல நிக்கிற தண்ணியைத் தள்ளுறதுக்கு, மேல பஞ்சு உதிராத துணியைச் சுத்திக்கணும்.

– ஸ்ப்ரே தண்ணியில கலக்க ஏதோ திரவம் விக்கிறீங்களே?

– விக்கிறேன். உங்களுக்கு வேணாம். குழந்தைங்க ஷாம்பூ நாலு சொட்டு போதும். ஹீட் கன்னும் வாங்காதீங்க, ஒரு நாளைக்கு எதுக்கு அவ்வளவு காசு?

– விக்க மாட்டேன்னு சொல்ற கடைக்காரங்களை இன்னைக்குத்தான் பாக்குறேன்.

– வாயை மூடிக்கிட்டு அங்க பாருங்க. சுவத்துல பழைய கார் கதவு சாஞ்சிருக்கே, பழகறவங்களுக்குன்னே வச்சிருக்கேன். துண்டு பிலிம் தரேன், ஒட்டிக் காட்டுங்க.

– இப்பவேவா? சொதப்பிடுவேன்கா.

– ஞாயித்துக்கிழமை சொதப்ப வேண்டியதை இங்கயே சொதப்பி முடிங்க. முதல்ல கண்ணாடியைத் துடைங்க. ஒரு தூசி உள்ள மாட்டினா அது உங்களைப் பாத்து காலம் பூரா சிரிக்கும்.

– துடைச்சாச்சு... தண்ணி தெளிச்சாச்சு... வெட்டியாச்சு, வச்சாச்சு. அக்கா, பாருங்க! என்ன வழவழப்பு! ஒரு குமிழி இருக்கா?

– இல்லையே. அஞ்சு வரைக்கும் எண்ணுங்க.

– எதுக்கு? ஒண்ணு, ரெண்டு, மூ... ஐயோ! மொத்தமா வழுக்கிட்டு வருது!

– பின்தாளை உரிக்கவே இல்லையே ராசா. பசை பாட்டுக்கு உள்ள தூங்குது.

– பின்தாள்னு ஒண்ணு இருக்கா?

– டப்பாவோட கேக்கை வெட்டின கதை. மூலையை நகத்தால பிரிச்சு உரிங்க. பசைப் பக்கமும் நனையணும், கண்ணாடியும் நனையணும். தண்ணி இருக்கிற வரைக்கும்தான் நகத்த முடியும். இப்ப வைங்க. நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் தள்ளுங்க.

– நடுவுலேர்ந்து ஓரத்துக்கு... அட, க்ரீம் தள்ளுறது இதேதான்கா!

– ம்ம்... அடேயப்பா. கை நிக்குதே. அழுத்தம் ஒரே சீரா வருதே.

– ஒரு நாளைக்கு முப்பது கேக்குக்கா, பத்து வருஷமா.

– ஓரத்துல ஒரு நூல் இடம் விடுங்க, இல்லைன்னா ரப்பர்ல இடிச்சு உரியும். பின் கண்ணாடியைத் தொடாதீங்க, அதுல கம்பி ஓடுது, வளைவும் ஜாஸ்தி. பக்கத்துக் கண்ணாடி நாலு போதும். ஒட்டினப்புறம் நாலு நாளைக்கு கண்ணாடியை இறக்கக் கூடாது. காத்து வேணும்னு கத்துவாரு, விட்டுக் குடுக்காதீங்க.

– கத்துவாரா?

– அந்த வயசு ஆம்பளைங்க எதுக்குத்தான் கத்தல? தம்பி, ஒண்ணு கேக்குறேன். வேலை நல்லா வந்துடுச்சுன்னு வைங்க. அப்புறம்? காலம் பூரா அவர்கிட்ட பிலிம்காரனாவே இருக்கப் போறீங்களா?

– இல்லைக்கா. உண்மையைச் சொல்லிடுவேன். ஒரு வாரமா தூக்கமே இல்ல.

– எப்ப சொல்வீங்க? ஒட்டுறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?

– முன்னாடி சொன்னா வண்டியைத் தொட விட மாட்டாரு. எல்லாம் முடிச்சுட்டு சொன்னா ஏமாத்திட்டான்னு சொல்வாரு. அதனால ஒரு கண்ணாடி முடிஞ்சதும் சொல்லலாம்னு இருக்கேன்.

– அதென்ன கணக்கு, ஒண்ணு?

– ஒண்ணைப் பாத்தா என் கை எப்படின்னு தெரிஞ்சிடும். அப்பவும் வெளிய போடான்னா, மீதி மூணுக்கும் அவர் ஆள் தேடணும்ல?

– ஹஹ்ஹஹ்ஹா!

– சிரிக்காதீங்கக்கா. நான் நெஜமாத்தான் சொல்றேன்.

– நெஜம்னு தெரிஞ்சுதான் சிரிக்கிறேன். உங்களைப் போய் கேக்கு பூச விட்டிருக்காங்க பாருங்க.

– அப்ப எல்லாத்தையும் சேர்த்து கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடுங்க.

– சீட்டுல கடைசி வரி என்ன?

– எழுதினவங்க இங்க இல்லையே.

– இருந்திருந்தா காலை மிதிச்சிருப்பா. போட்ட விலை போட்டதுதான், பையை எடுங்க.

– ஹீட் கன்னையாவது இரவல் தரீங்களா? ஞாயித்துக்கிழமை சாயங்காலமே கொண்டு வந்து குடுத்துடறேன்.

– நீங்க அதைத் தூக்கிட்டு அலைய வேணாம். அன்னைக்குக் காலையில அது அங்க இருக்கும்.

– எங்கக்கா? நான் விலாசமே சொல்லலையே!

– விலாசம் கிடக்கட்டும், இந்த 'அக்கா'வை மட்டும் இங்கயே விட்டுட்டு வாங்க: அந்தச் சீட்டு எழுதின விரலைப் பிடிச்சு 'அ'னா 'ஆ'வன்னா எழுத வச்சவ நான்தான், ஞாயித்துக்கிழமை வந்து அத்தைன்னு கூப்பிடுங்க.