பஸ்ஸில் காட்ட ஓர் அட்டை

புனேயில் பஸ் எண்களைக்கூட மராத்தியில்தான் எழுதியிருப்பார்கள், மேடம். அம்மாவுக்கு அந்த எழுத்தும், வேகமாகப் பேசினால் அந்தப் பேச்சும் கடைசிவரை பிடிபடவில்லை. அதனால் அவள் நாங்கள் இருக்கும் சாங்வியை விட்டு எங்கே கிளம்பினாலும், பஸ் எண்ணையும் இறங்கும் இடத்தையும் பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுப்பேன். கண்டக்டரிடம் அதை நீட்டுவாள். நான் எட்டாவதோடு நின்றவள்தான் என்றாலும், எங்கள் வீட்டில் மராத்தி படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா ஆகுர்டி தொழிற்சாலையில் பதினைந்து வருஷமாகப் பேசியே சமாளிக்கிறார்.

நான் பள்ளியை விட்டு நின்றது அம்மாவின் இழுப்புக்காக. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், நானும் மறுக்கவில்லை. வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது. வெந்நீர் வைப்பதும் அம்மாவின் முதுகை நீவிவிடுவதும் நன்றாக வந்தது.

2009-ல் டாக்டர் அவளுக்கு இழுப்பு வந்தால் வாயில் வைத்து அடித்துக்கொள்ளப் புது பம்ப் எழுதிக் கொடுத்தார். தேறிவிட்டாள். "உன் படிப்பு என்னாலதான் கெட்டுது, பட்டு. பிம்ப்ரியில பத்தாவதுக்கு கிளாஸ் நடத்தறாங்களாம். சேத்துவிடறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். "வீட்லயே இருந்து எனக்கு மாமியாராகப் போறியா?" என்று சிரித்தாள்.

ஆகஸ்டில் பன்றிக் காய்ச்சல் வந்து பள்ளிகளை எல்லாம் மூடினார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்ச நாளில் திறந்துவிட்டார்கள். அம்மா மாஸ்க் கட்டிக்கொண்டு பிம்ப்ரிக்குப் புறப்பட்டாள். மூச்சு முட்டி, பஸ்ஸில் அதைக் கழற்றியதும் எல்லோரும் சத்தம் போட்டார்களாம். பாதியில் திரும்பி வந்து என்னிடம் கேட்டாள்.

"எனக்கு வீசிங், மாஸ்க் போட முடியாதுன்னு எழுதிக் குடு. இழுக்க ஆரம்பிச்சா வாயில வார்த்தை வரமாட்டேங்குது."

மராத்தியில் எழுதினேன். "படி, பாக்கலாம்" என்றாள். ஆஸ்துமா இருக்கிறது, உதவி செய்யுங்கள் என்று படித்துக் காட்டினேன். அட்டையில் இருந்தது வேறு: எனக்கு நான்கு நாளாகக் காய்ச்சல், இருமல். பன்றிக் காய்ச்சல் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அடுத்த ஸ்டாப்பிலேயே இறக்கிவிடுவார்கள், பயந்து வீட்டோடு இருந்துவிடுவாள் என்று நினைத்தேன். முதல் தடவை இறக்கித்தான் விட்டார்கள். நடந்தே வந்து, "அட்டையைக் காட்டியும் இரக்கமில்லாத ஜனங்க" என்று அழுதாள். கால் பிடித்துவிட்டேன். அப்போதே அதைக் கிழித்திருக்கலாம். இனி எங்கே போகப்போகிறாள் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை விண்ணப்பத்தில் என் போட்டோவை ஒட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "இன்னிக்கு நல்ல மனுஷங்க யாராவது ஏறியிருப்பாங்க" என்று அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மீதியை இந்த ஸ்டேஷனில் வைத்து நீங்கள்தான் சொன்னீர்கள். இறக்கிவிட்ட அவசரத்தில் பம்ப் இருந்த பை பஸ்ஸோடு போய்விட்டது. அவள் ஸ்டாப்பில் உட்கார்ந்து, கிட்டே வந்த ஒவ்வொருவரிடமும் அட்டையை நீட்டியிருக்கிறாள். படித்தவர்கள் பின்வாங்கியிருக்கிறார்கள். இருபது நிமிஷம். அதற்குமேல் அவளுக்கு மூச்சு இல்லை.

எழுதியது நான்தான். அவள் எதை நீட்டுகிறாள் என்று தெரிந்தேதான் அனுப்பினேன். ஆனால் அம்மாவை ஒருநாளும் நான் பாரமாக நினைத்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு அன்றிலிருந்து நெஞ்சை அடைக்கிறதாம். பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னைச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள், மேடம்.