மத்தில்தின் கொடிவரிசை

இந்த அறுவடை விருந்துக்குத் தலைமை ஏற்று, என் பேச்சு நீண்டுவிடுமோ என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட எங்கள் வெர்ஜோல் மேயர், ஒதில் பாஷ்லே அம்மையார் அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்த பெருமக்களே! விடிந்தது முதல் அடுப்படியில் நின்று, நத்தையைப் பூண்டு வெண்ணெயில் புரட்டி, மாட்டிறைச்சியை ஒயினில் ஊறவைத்து வேகவைத்து, எங்கள் வாயையும் வயிற்றையும் ஒருசேரக் கட்டிப்போட்டிருக்கும் தாய்மார்களே! கத்தரி பட்ட காயம் இன்னும் ஆறாத அறுவடைத் தோழர்களே! கடைசி மேசையில், நாற்காலியின் நுனியில், பேருந்து கிளம்பிவிடுமோ என்ற பதற்றத்தோடு உட்கார்ந்திருக்கும் வெளியூர் விருந்தினர்களே! ஒரு காலத்தில் உங்களைப் போலவே அதே கடைசி மேசையில் உட்கார்ந்திருந்த சொலேன் லெ கோஃப் ஆகிய நான், உங்கள் அனைவரையும் இரு கை கூப்பி வரவேற்கிறேன்.

மேயர் அம்மையார் எனக்கு ஒரு தலைப்புக் கொடுத்திருக்கிறார். "பர்கண்டிக்கு ஏன் வர வேண்டும்?" தலைப்போடு ஒரு துண்டறிக்கையும் கொடுத்திருக்கிறார். அதில் என்ன இருக்கிறது? வண்ண ஓட்டுக் கூரை இருக்கிறது. வாய்க்காலில் மிதக்கும் படகு இருக்கிறது. துறவிகள் திராட்சை பிழிந்த பழைய செக்கு இருக்கிறது. கடுகு இருக்கிறது. கடுகுக்காகவா, நண்பர்களே, மனிதன் கடல் கடந்து வருவான்?

யாரது? லூசியனா? "கடுகைப் பத்திக் கொறச்சுப் பேசாதீங்க, எங்க மாமா கடையாக்கும்" என்கிறார். சரிப்பா லூசியன், உங்க மாமா கடுகுக்காகவும் வரலாம். கண்ணுல தண்ணி வர்ற ஒரு காரணத்தைத்தான் நானும் சொல்லப் போறேன்.

விருந்தினர்களே, காலையில் உங்கள் பேருந்து மலைச்சரிவில் ஏறி வந்தபோது நீங்கள் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். பறித்து முடித்த திராட்சைத் தோட்டங்கள், பழமில்லாத கொடிகள். அவற்றின் நடுவே ஒரே ஒரு வரிசையில் மட்டும் கருநீலக் குலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. படம்கூட எடுத்திருப்பீர்கள். யார் விட்டுவைத்த வரிசை அது? ஏன் விட்டுவைத்த வரிசை அது? எந்தத் துண்டறிக்கையும் சொல்லாத அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்று நான் எழுந்து நிற்கிறேன்.

அது மத்தில்தின் வரிசை. இதோ முன்வரிசையில் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, நான் தன்னைப் பற்றிப் பேசவே இல்லை என்பது போல் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, கஸ்பார் வோஷே ஐயா, அவருடைய மனைவி மத்தில்த். திருமணமான ஆண்டில் தோட்டத்தின் ஓரத்தில் அந்த வரிசையை அவர் தம் கையால் நட்டார். ஒவ்வொரு குளிரிலும் தாமே கிளை நறுக்கிக் கவாத்துச் செய்தார். மற்ற வரிசைகளுக்கு ஆட்கள் உண்டு. அந்த வரிசைக்கு மத்தில்த் மட்டுமே உண்டு. அறுவடையின் கடைசி நாளில் கணவனும் மனைவியும் இரண்டு பேராக அதைப் பறிப்பார்கள். ஒரு குளிர்காலத்தில் வழக்கம்போல் கவாத்துச் செய்தார். வசந்தம் வந்தபோது மத்தில்த் இல்லை.

அந்த ஆண்டும் கொடி காய்த்தது. அவர் கை கடைசியாகத் தொட்ட கொடியில், அவர் பார்க்காத பழம் பழுத்தது. வோஷே ஐயா மற்ற வரிசைகளையெல்லாம் பறித்து முடித்தார். இந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். மறுநாள் தனியாக வந்து பறித்து, தனியாகப் பிழிந்து, ஒரு சின்னப் பீப்பாயில் அடைத்து வைக்க வேண்டும் என்று நினைத்திருந்தார்.

எங்கள் சரிவில் வேலி கிடையாது. ஒருவர் தோட்டம் முடிந்து அடுத்தவர் தோட்டம் தொடங்குவதற்கு அடையாளமாக வரப்பு முனையில் ஒரு கல் கிடக்கும், அவ்வளவுதான். மறுநாள் காலை மூடுபனி இறங்கியது. பக்கத்துத் தோட்டக்காரர் ஆன்செல்ம் கோர்பெரோன் தம் ஆட்களோடு வந்தார். வோஷேயும் அவரும் பள்ளிக்கூட நாள் முதல் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். பனியில் கல் தெரியவில்லை. தெரிந்தது என்ன? அந்தப் பக்கம் முழுவதும் பறித்து முடித்த கொடிகள். இந்தப் பக்கம் முழுவதும் பழம் தொங்கும் கொடிகள். பழம் இருக்கும் வரிசையெல்லாம் தம்முடையது என்று நினைத்தார். பாட்டுப் பாடிக்கொண்டே பறித்தார்கள். பனி விலகியபோது, ஒற்றைக் கூடையோடு வோஷே ஐயா வரப்பில் நின்றுகொண்டிருந்தார்.

வரிசை தவறிப் பறிப்பது இந்த மண்ணில் புதிதா? இல்லை! இந்த அரங்கில் அடுத்தவன் வரிசையைப் பறிக்காத குடும்பம் ஒன்று கை தூக்கட்டும் பார்ப்போம். ஒருவரும் இல்லை! பாஷ்லே அம்மையார்கூடத் தூக்கவில்லை! தவறிப் பறித்தால் தன் வரிசையில் ஒன்றை அவனுக்கு விட்டுக்கொடுப்பது இங்கே வழக்கம்.

ஆன்செல்மும் அதைத்தான் சொன்னார். "டேய் கஸ்பார், தப்பு நடந்துபோச்சுடா. என் தோட்டத்துல எந்த வரிசை வேணுமோ எடுத்துக்கோ."

வோஷே ஐயா கேட்டார். "அத மத்தில்த் நட்டாளாடா?"

அவ்வளவுதான். அந்தக் குளிர்காலம் முழுவதும் அந்த இருவரும் பேசவில்லை.

பழம் எங்கே? ஆன்செல்ம் தம் பழத்தோடு சேர்த்துக் கொட்டிய ஒயின் தொட்டியில். தொட்டியில் எது யாருடைய பழம்? யாரால் பிரிக்க முடியும்? குளிர் கழிந்ததும் ஆன்செல்ம் ஒரு காரியம் செய்தார். அந்தத் தொட்டியின் ஒயின் முழுவதையும் பீப்பாய்களில் அடைத்து, வண்டியில் ஏற்றி, வோஷே வீட்டு வாசலில் உருட்டி நிறுத்தினார். தெருவே கூடிவிட்டது. ஆன்செல்ம் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "இதுல எது மத்தில்தோட சொட்டுன்னு எனக்குத் தெரியலடா. அதனால எல்லாமே உன்னோடதுதான்."

கதவு திறக்கவில்லை. சன்னல் மட்டும் திறந்தது. "உன் உழைப்ப நான் குடிக்க மாட்டேன். எடுத்துட்டுப் போ."

"அவங்க சொட்ட நானும் குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஆன்செல்ம் வெறும் வண்டியோடு போய்விட்டார். இருவருக்கும் நடுவே பேச்சு அதோடு நின்றது.

இரண்டு பிடிவாதங்களுக்கு நடுவே தெருவில் நின்ற பீப்பாய்களைக் கடைசியில் தேவாலய நிலவறைக்குக் கொண்டுபோய்ப் புட்டிகளில் அடைத்து வைத்தார்கள். ஊரும் ஒரு முடிவுக்கு வந்தது. இவர் பக்கம் நின்று குடித்தால் அவருக்கு வலிக்கும். அவர் பக்கம் நின்று குடித்தால் இவருக்கு வலிக்கும். ஆகவே இந்த ஊரில் வீடோ கொடியோ உள்ள எவரும் அதைத் தொடக்கூடாது!

அந்த இலையுதிர் காலத்தில்தான் நான் வந்தேன். பிரான்சின் மேற்கு ஓரத்துப் பிரிட்டனிக் கடற்கரையிலிருந்து, இரவல் காலணியோடு, பழம் பறிக்க வந்த பெண். ஆப்பிள் மது தவிர வேறெதையும் அறியாத நாக்கு. இதே அரங்கு, இதே விருந்து. மேசையில் ஒயின் தீர்ந்துபோனது. யாரோ சொன்னார்கள்: "நிலவறையில இருக்கே, அத இந்தப் பொண்ணுக்கு ஊத்துங்க. இவ ரெண்டு பக்கமும் இல்ல." ஊற்றினார்கள். குடித்தேன். நிமிர்ந்து பார்த்தால் அரங்கமே என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது! எதிர்மேசையிலிருந்து கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து வந்தார். "எப்படி இருக்கு, பொண்ணே?"

எனக்கு ஒயினைப் பற்றிப் பேசத் தெரியாது. பயந்துபோய் வாயில் வந்ததைச் சொன்னேன். "மழ விட்டப்புறம் எங்க ஊர்ல வேலி ஓரமா முள்ளுச்செடியில கறுப்பா ஒரு பழம் பழுக்கும், ஐயா. அத ஏப்ரன் பையில போட்டுட்டு வீட்டுக்கு வந்தா பையெல்லாம் ஊதாவா ஆயிடும். அந்த வாசன."

வோஷே ஐயா அப்படியே உட்கார்ந்துவிட்டார். மத்தில்தின் ஏப்ரன் பை எந்நாளும் ஊதாவாகத்தான் இருக்குமாம். அதைத் துவைத்துத் துவைத்து அலுத்துப்போய் மத்தில்த் திட்டுவாராம். அந்தக் கறையை ஐயா மறந்தே போயிருந்தார். நான் சொன்ன பிறகுதான் நினைவு வந்ததாம். அன்று அவர் அழுததை நான் பார்த்தேன்; நானும் அழுதேன். பறிக்க வந்தவள் ஊருக்குத் திரும்பவே இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வோர் அறுவடை விருந்திலும் அந்த ஒயினில் ஒரு புட்டி திறப்பார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் குடிப்பார். வோஷே ஐயா கேட்பார். போர்த்துக்கல் கொத்தனார் ஒருவர், "எங்கம்மா துணிப்பெட்டியத் தொறந்த மாதிரி" என்றார். பள்ளி ஆசிரியை ஒருவர், "யாரோ பக்கத்து அறையில பாடுற மாதிரி இருக்கு" என்றார். லியோன் நகரத்து லாரி ஓட்டுநர் ஒருவர், "ஒயின் நல்லாத்தான் இருக்கு, சூப்பு ஆறிப்போச்சு" என்றார். அதற்கும் ஐயா தலையாட்டினார். மத்தில்தும் சூப்பை ஆறவிட்டுத்தான் கொடுப்பாராம்!

இப்போது சொல்லுங்கள், பெரியோர்களே! அந்த மனிதர் தம் மனைவியை இத்தனை ஆண்டுகள் யார் வாயால் கேட்டார்? உறவின் வாயாலா? ஊரின் வாயாலா? இல்லை! வழிதவறி வந்தவர் வாயால், வேலைக்கு வந்தவர் வாயால், வேடிக்கை பார்க்க வந்தவர் வாயால் கேட்டார். விருந்தினர்களே, உங்களுக்கு எங்கள் ஒயின் தேவையா என்பது எனக்குத் தெரியாது. எங்களுக்கு நீங்கள் தேவை. அதுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

ஆனால் காலம் மாறிவிட்டது. பேருந்து வருகிறது, கூரையைப் படம் எடுக்கிறது, போய்விடுகிறது. உட்கார்ந்து சாப்பிட எவருக்கும் நேரமில்லை. போன ஆண்டு ஐயா சாயங்காலம் வரை இந்த முன்வரிசையில் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார். காலத்தில் புளித்துப்போனவை போக, நிலவறையில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு புட்டி. ஐயாவுக்கு வயது தொண்ணூறை எட்டுகிறது. முழங்கால் முடியாததால் இந்த ஆண்டு மத்தில்தின் வரிசையையும் அவரால் பறிக்க முடியவில்லை.

இதோ அந்தப் புட்டி. என் கையில் இருக்கிறது.

கேட்கிறதா? பேருந்து ஹாரன் அடிக்கிறது. எழுந்திருக்கிறீர்கள். போக வேண்டியவர்கள் போங்கள், குறை ஒன்றுமில்லை. ஆனால் கடைசி மேசையில் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர் எழாமல் இருக்கிறாரே, தீஜோன் நகரத்திலிருந்து பயணச்சீட்டு வாங்கி வந்த அந்த விருந்தினர்? காலையில் அவர் படியில் கைபிடித்து இறங்கியதை நான் பார்த்துவிட்டேன். இடுப்பெலும்பு முறிந்து, தோட்டத்தை விற்றுவிட்டு அங்கே மகள் வீட்டுக்குக் குடிபோய், பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஊரில் அவருக்கு வீடில்லை. ஒரு கொடியும் இல்லை. ஊர் விதித்த விதிப்படி அவர் வெளியூர்க்காரர்! தொப்பியை எடுங்கள், ஆன்செல்ம் ஐயா.

அமைதி, அமைதி! லூசியன், விசில் அடிக்காதே!

வோஷே ஐயா, நீங்கள் உட்காருங்கள், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வேண்டாமா? நீங்களே ஊற்றுகிறீர்களா? இந்தாருங்கள். வழி விடுங்கள் அம்மா. நாற்காலியை நகர்த்துங்கள். யாரும் பிடிக்காதீர்கள், அவரே ஊற்றட்டும்.

ஒலிவாங்கி அங்கே எட்டாது. முன்னால் இருப்பவர்களுக்காக நானே சொல்கிறேன். ஊற்றிவிட்டார். குடித்துவிட்டார். வோஷே ஐயா கேட்கிறார்: "எப்படிடா இருக்கு?"

ஆன்செல்ம் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறார்: "இதுல எது மத்தில்தோட சொட்டுன்னு இப்பவும் எனக்குத் தெரியலடா, கஸ்பார்."

"அப்போ மிச்சம் வைக்காம குடி."

வோஷே ஐயா இன்னும் ஏதோ சொல்கிறார். இருங்கள். "அவ வரிச இன்னும் பறிக்காமத்தான் கெடக்குது. நாளைக்குக் கத்தரி எடுத்துட்டு வா. எந்த வரிசன்னு உனக்குத்தான் நல்லாத் தெரியுமே!"

தாய்மார்களே, தோழர்களே, தலைவர் அவர்களே! நான் எழுதி வைத்திருந்த முடிவுரை இனி எதற்கு? கேட்ட செவிகளுக்கும், ஆறிய சூப்பைப் பொறுத்துக்கொண்ட வயிறுகளுக்கும் என் நன்றி. பேருந்துக்குப் போகாமல் வாசலிலேயே நின்றுவிட்ட விருந்தினர்களே, உள்ளே வாருங்கள். நாளைக்குப் பறிக்கக் கை போதாது, கத்தரி எங்கள் வீட்டில் இருக்கிறது. வணக்கம்.