இடது கையால் எழுதிய வகுப்பு

பெற்றோர்களே, இந்த இடத்துல பேச்சைக் கொஞ்சம் நிப்பாட்டி வச்சிட்டு, உங்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்லப் போறேன். கதைன்னு சொன்னாலும்... நடந்தது. நான் அந்த வகுப்புலதான் உக்காந்திருந்தேன்.

வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு. தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். நாங்க பிளஸ் டூ. அப்போ எங்க உலகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? காதை மூடுற மாதிரி முடி வளக்கணும். வீட்டுல டேப் ரிக்கார்டர் வச்சிருக்கிறவன் ராஜா. பொண்ணுங்க கிட்ட சினிமாப் பாட்டு எழுதின நோட்டு இருக்கும். பையனும் பொண்ணும் பேசிக்கிறதா? மூச்! ரெண்டு வருஷம் ஒரே வகுப்புல இருந்து, "சாக்பீஸ் இருக்கா"ன்னு கூடக் கேட்டதில்ல.

அந்த வகுப்புல சண்முகவடிவுன்னு ஒரு பொண்ணு. நல்லாப் படிக்கும். ஆனா அவங்க அப்பா என்ன சொல்லி வச்சிருந்தாரு? "பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு சொல்லு வந்துச்சுன்னா, அன்னைக்கே படிப்பு முடிஞ்சுது. மாமன் மகன் காத்துக்கிட்டு இருக்கான்." இது வகுப்புல எல்லாருக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட பொண்ணோட நோட்டுக்குள்ள ஒருத்தன் காதல் கடிதம் வச்சிட்டான். பேரு போடல. "என் பௌர்ணமியே"ன்னு ஆரம்பிச்சு மூணு பக்கம். வச்சது யாரு?

...நான்தான்.

சிரிங்க, சிரிங்க. பதினேழு வயசு. அவங்க அப்பா சொன்னது எனக்கும் தெரியும். தெரிஞ்சும் வச்சேன். அதுதான் முட்டாள்தனம்.

அந்தப் பிள்ளை படிச்சுப் பாத்துப் பயந்து நோட்டை மூட, கடிதம் நழுவித் தரையில விழுந்துடுச்சு. வகுப்பே பாத்துச்சு. யார் நோட்டுல இருந்து விழுந்துச்சுன்னு தெரியாமலே கணக்கு வாத்தியார் அதை எடுக்க, நேரா தலைமை ஆசிரியர் மேஜைக்குப் போயிடுச்சு. ஞானசிகாமணி சார்னு பேரு. அவர் நடந்து வந்தா வராண்டால காக்கா கூடக் கத்தாது.

வந்தாரு. கடிதத்தைத் தூக்கிக் காட்டினாரு.

"எவன் எழுதினான்?"

எல்லாத் தலையும் குனிஞ்சுக்கிச்சு.

"சொல்ல மாட்டீங்க? சரி. ஆளுக்கு ஒரு தாள் எடுங்க. பௌர்ணமின்னு பத்துத் தடவை எழுதுங்க. கையெழுத்தை நான் பாத்துக்கிடுதேன். எழுதினவனைப் பிடிச்சா, எழுதுனது யாருக்குன்னு அவன் வாயே சொல்லும். ரெண்டு வீட்டுக்கும் ஆள் அனுப்புவேன்."

நான் எழுந்து நின்னு "நான்தான் சார், பேரைக் கேக்காதீங்க"ன்னு சொல்லியிருக்கணும். சொன்னேனா? இல்ல. வடிவைத் திரும்பிப் பாத்தேன். முகத்துல ரத்தமே இல்ல.

அப்போ... முதல் பெஞ்சுல அமலோற்பவம்னு ஒரு பொண்ணு. வகுப்புல முதல் ரேங்க். வடிவுக்கும் அவளுக்கும் எட்டு மாசமாப் பேச்சுவார்த்தை கிடையாது. பாட்டு நோட்டை வாங்கிட்டுப் போய் வடிவு தொலைச்சுட்டா, அதுல வந்த சண்டை. அந்த அமலோற்பவம் பேனாவை எடுத்தா. மூடியைத் திறந்தா. வலது கையில இருந்த பேனாவை... மெல்ல... இடது கைக்கு மாத்தினா.

திரும்பிப் பாக்கல. குனிஞ்சு எழுத ஆரம்பிச்சா.

பக்கத்துல இருந்தவ பாத்தா. பேனா மாறுச்சு. பின் பெஞ்சு பாத்துச்சு. பேனா மாறுச்சு. பொண்ணுங்க வரிசை முடிஞ்சு பையன் வரிசைக்கு வந்துச்சு. எங்க வகுப்புல முகைதீன்னு ஒருத்தன், பிறவியிலேயே இடது கைக்காரன். அவன் என்ன பண்ணினான் தெரியுமா? வலது கையால எழுதினான்!

நாப்பத்தொரு தாள். தலைமை ஆசிரியர் ஒவ்வொண்ணாப் புரட்டுறாரு. எல்லாம் கோழி கிளறின மாதிரி. தலையைத் தூக்கி எங்களைப் பாத்தாரு.

"எல்லாரும் மைதானத்துக்குப் போங்க. சாயங்காலம் மணி அடிக்கிற வரைக்கும் வெயில்ல நில்லுங்க."

நின்னோம். ரெண்டு பேரு மயங்கி விழுந்தாங்க. தண்ணி தெளிச்சதும் எழுந்து மறுபடியும் நின்னாங்க. ஒரு வாய் திறக்கல. மூணு மணிக்கு அவர் வந்தாரு. நேரா அமலோற்பவம் முன்னால நின்னாரு.

"நீதானே ஆரம்பிச்சே? உன் நடத்தைச் சான்றிதழ்ல நான் என்னம்மா எழுதட்டும்?"

அந்தப் பொண்ணு கண்ணு கலங்குது, குரல் கலங்கல. "நீங்க பாத்ததை எழுதுங்க சார்."

அவரு பையில இருந்த கடிதத்தை எடுத்து நாலாக் கிழிச்சாரு. "நிழலுக்குப் போங்க"ன்னாரு. அவ்வளவுதான். வருஷக் கடைசியில நாப்பத்தொரு சான்றிதழ்லயும் "மிக நன்று"ன்னு எழுதியிருந்தாரு.

வடிவோட படிப்பு நிக்கல. செவிலியர் படிப்பு படிச்சு, இன்னைக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில நூறு நர்சுகளுக்குத் தலைவி. மறுநாளே நான் போய் மன்னிப்புக் கேட்டேன். முதல் தடவையா என்கிட்ட பேசுச்சு அந்தப் பிள்ளை. என்ன சொல்லுச்சு?

"ஏழு எழுத்துப்பிழை இருந்துச்சு."

கூட நின்ன பொண்ணுங்க எல்லாம் சிரிச்சாங்க. அமலோற்பவம் மட்டும் சிரிக்கல. என்னைப் பாத்துச் சொன்னா: "உனக்காகப் பண்ணலை. அவ படிக்கணும். அதுக்காகத்தான்."

பெற்றோர்களே, உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். அது தப்புக்குத் துணை போனதா? தப்புப் பண்ணினவன் நான். அடி விழப் போனது யாருக்கு? ஒரு பாவமும் அறியாத பொண்ணுக்கு. அந்த அநியாயத்தைப் பெரியவங்க யாரும் பாக்கல. பேச்சுவார்த்தை இல்லாத ஒரு பதினேழு வயசுப் பொண்ணு பாத்தா.

"கூடப் படிக்கிறவங்கதான் என் பிள்ளையைக் கெடுக்குறாங்க"ன்னு இங்க வந்து எத்தனை பேரு சொல்றீங்க? இருக்கலாம். நானே ஒரு உதாரணம். ஆனா அதே பெஞ்சுல ஒரு அமலோற்பவமும் உக்காந்திருப்பா. உங்க வீட்டு வாசல்ல சைக்கிளை நிப்பாட்டி, தலையைக் கலைச்சு விட்டுக்கிட்டு, சத்தமாச் சிரிக்குதே ஒரு கூட்டம்... அதுல ஒருத்தி, உங்க மகளுக்காக ஒரு நாள் வெயில்ல நிக்கப் போறவ. அவளை வாசல்லயே விரட்டிடாதீங்க. உள்ள கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்க.