கதவோரச் சுவிட்சுக்கு ஒரு லிங்க்

வாயால் வழி சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது, ஐயா. நேராகப் போய் இடது பக்கம் திரும்பு என்பார்கள். போனால் அங்கே சுவர் இருக்கும். நான் அப்படி யாரையும் அலைய விட்டதில்லை.

ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் ஆபீஸ். நாலு பக்கமும் காற்றுப் புகாமல் அடைத்த கொட்டகைகளில் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு மென்பொருள் எழுதுகிறோம். சூடு ஏறினால் பெரிய ஃபேன்கள் தானாக ஓட வேண்டும், அவ்வளவுதான் வேலை. என்னோடு லிடியா என்ற பெண் இருக்கிறாள். கெட்டிக்காரி. ஆனால் எதைச் சொன்னாலும், "அண்ணா, எந்த ஃபைல், எந்த வரி?" என்று நச்சரிப்பாள். அதனால் நான் கோட் எழுதும் எடிட்டரில் ஒரு வசதி செய்தேன். கர்சரை ஒரு வரியில் வைத்து ஒரு விசையைத் தட்டினால் போதும், அந்த வரிக்கே போகும் லிங்க் தயார். அனுப்பினால் எதிராளி தட்டுவார், அங்கேயே போய் நிற்பார். பேச வேண்டியதே இல்லை.

அன்று எனக்கு உண்டான சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட உண்டாகவில்லை. அதன்பிறகு ஆபீஸில் நான் வாய் திறப்பது டீ சொல்வதற்கு மட்டும்தான். வீட்டில் மனைவி அக்சிலியா, "ஏங்க, கேஸ் சிலிண்டர் புக்கை எங்க வச்சீங்க?" என்று கேட்டால் எரிச்சல் வரும். வீட்டுச் சாமான்களுக்கு வரி எண் கிடையாது. அது பெரிய குறை.

சம்பவத்தன்று காலையில், தேவையில்லாமல் அலாரம் அடிக்க வைக்கும் வரி ஒன்றைக் கண்டுபிடித்தேன். லிடியாவுக்கு லிங்க் அனுப்பி, "இதைத் தூக்கிவிடு" என்று எழுதினேன். அவள் சாப்பிடப் போயிருந்தாள். சும்மா இருப்பானேன் என்று, அதே ஃபைலின் தலையில் என் விசையைப் பயன்படுத்துவது எப்படி என்று எல்லோருக்குமாக ஒரு நல்ல குறிப்பு எழுதிச் சேர்த்தேன். குறிப்பு கொஞ்சம் நீண்டுவிட்டது. கீழே இருந்த வரிகள் எல்லாம் இன்னும் கீழே இறங்கிவிட்டன. லிங்க்குக்குத் தெரிந்தது எண் மட்டும்தான். அந்த எண்ணில் இப்போது நின்றது, சூடு ஏறினால் ஃபேனை ஓட்டச் சொல்லும் வரி.

லிடியா திரும்பி வந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். "அண்ணா, நெஜமாவே இதையா எடுக்கணும்? கொஞ்சம் வந்து பாருங்களேன்."

எனக்குக் கோபம் வந்தது. இதற்காகத்தானே இவ்வளவு பாடுபட்டேன்? அதே லிங்க்கை மறுபடி அனுப்பினேன். அவள் எடுத்துவிட்டாள்.

எந்த மாற்றமும் முதலில் பரமத்திப் பக்கம் சின்னுசாமியின் பண்ணைக்குத்தான் போகும். நல்ல மனிதர், எதற்கும் மறுப்புச் சொல்ல மாட்டார். சித்திரை வெயில் உச்சியில் இருக்கும்போது அவரிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங்க ஆரோன், ஃபேனெல்லாம் நின்னு போச்சுங்க. கோழியெல்லாம் வாயப் பொளந்துட்டு நிக்குதுங்க. நான் என்னங்க பண்ணட்டும்?"

ஃபைலைத் திறந்ததுமே புரிந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, ஐயா, மறைக்கவில்லை. என் லிங்க் பொய் சொல்லியிருக்கிறது. "ஒரு நிமிஷங்க" என்று போனை மேசைமேல் வைத்துவிட்டு எடிட்டரைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். ஃபைல் பிற்பாடு எப்படி மாறினாலும், அனுப்பிய நேரத்தில் இருந்த வரியையே லிங்க் காட்ட வேண்டும். முதல் முயற்சி சரிவரவில்லை, இரண்டாவதும் சரிவரவில்லை. போனில் கோழிகளின் சத்தம் அதிகமாக இருந்ததால் ஸ்பீக்கரைக் குறைத்தேன். கொஞ்ச நேரத்தில் அதற்கு அவசியம் இல்லாமல் போனது. வேலையும் நன்றாக முடிந்தது.

உடனே சின்னுசாமிக்குப் புது லிங்க் அனுப்பினேன்.

"சாமி, பாஸ்வேர்டு கேக்குதுங்களே" என்றார். பாஸ்வேர்டு கொடுப்பது வேறு ஆளின் பொறுப்பு. அதையும் அவரிடம் பொறுமையாகச் சொன்னேன்.

அந்த வரியை எடுத்தவர் என்று ஃபைலில் பதிவாகியிருப்பது லிடியாவின் பெயர்தான். அதனால் அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள், அவள் அழுதுகொண்டிருக்கிறாள். அவள்மேல் தப்பில்லை, நான் சொன்னதைத்தான் செய்தாள். அந்தக் கொட்டகையில் ஒரு கோழிகூட மிஞ்சாததற்குக் காரணம் நான்தான். இதை ஒப்புக்கொள்ளத்தான் நானாகவே வந்தேன்.

பண்ணையின் எலக்ட்ரீஷியனை விசாரித்தீர்களாம். கதவுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது, அதைக் கையால் திருப்பினால் கம்ப்யூட்டர் இல்லாமலே ஃபேன் ஓடும் என்றாராம். இது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஃபைலில் அதை ஒரு குறிப்பாக எழுதி வைத்ததே நான்தான். சின்னுசாமிக்கு நான் அனுப்பிய லிங்க் நேராக அந்த வரிக்குத்தான் போகிறது.

அதைப் போனிலேயே வாயால் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். வாயால் சொன்னால் ஜனங்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், ஐயா. நீங்களே இப்போது புரிந்துகொள்ளவில்லை பாருங்கள். உங்கள் நம்பரைக் கொடுங்கள், அனுப்புகிறேன்.