பாஸ்வேர்டு இல்லாத கம்ப்யூட்டர்

"பாஸ்வேர்டு போட்டாத்தான் அது தொறக்கும்னு எத்தன தடவ சொல்றது!"

எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் போனில் அதட்டியதும் ஆரப்பாளையத்தில் கிளம்பிய பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்பீக்கரில் அவள் கணவரின் குரல் கெஞ்சியது. "மாடியில நம்ம கம்ப்யூட்டர்ல பாத்தா, நெட்வொர்க்குல கீழ தம்பி கம்ப்யூட்டர் தெரியுது, ஃபோல்டரும் தெரியுது. தொட்டா அனுமதி இல்லங்குது."

"அதுல பாஸ்வேர்டே கெடையாது. அதான் வெளிய இருந்து வர்ற வேற கம்ப்யூட்டர உள்ள விட மாட்டேங்குது. கீழ போயி உங்க தம்பிய ஒரு பாஸ்வேர்டு போடச் சொல்லுங்க."

"நாங்கதான் பொங்கல்ல இருந்து பேசிக்கிறது இல்லையே."

"புள்ள சர்டிபிகேட்டு அம்புட்டும் அதுலதான் கெடக்கு. அஞ்சு மணிக்குள்ள காலேஜுக்கு அனுப்பணும்."

"நீ வந்து கேளேன்."

"நான் கப்பலூருக்கு வேலைக்குப் போறேன். போனை வைக்க மாட்டேன், எறங்குங்க."

படியிறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு கதவு தட்டும் சத்தம்.

"தம்பி..."

"வாண்ணே. ஏன் வெளியவே நிக்கிற?"

அவள் சட்டென்று போனை அணைத்தாள்.

"பாஸ்வேர்டு இன்னும் போடலையேக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"அத அஞ்சு மணிக்குள்ள போட்டாப் போதும்."