வாசல் வழியாக வந்த காகிதங்கள்

பசையைக் காகிதத்தில் தடவக் கூடாது, அட்டையில்தான் தடவ வேண்டும். காகிதத்தில் தடவினால் அது ஊறிச் சுருண்டு, கையோடு வந்துவிடும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் தங்கை. உங்கள் மேசைமேல் இருக்கும் படத்தை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் செய்தோம். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள், சார். நடுவில் இருக்கும் பட்டன்கள் லேசாகத்தான் ஒட்டியிருக்கின்றன.

முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றபின் வீட்டில் சுவர்க் கடிகாரமும் நானும்தான். தங்கையின் கணவர் காலமான பிறகு, இரண்டு மாதம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று என்னிடம் வந்தாள். அவளுடைய மகள் வேறு ஊரில் நர்ஸ். அதற்கப்புறம் அங்கே போய் மகளோடு நிரந்தரமாக இருப்பதாக ஏற்பாடு.

வந்த மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டாள்.

"அக்கா, இந்த ஆட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். வாசல் வழியா வர்ற காகிதம் எதையும் தூக்கிப் போடக் கூடாது. அந்த வாரப் படத்துல அது போயே ஆகணும். கடையில போய் பேப்பர் வாங்கினா ஆட்டம் காலி."

மின்சார பில், மருந்துச் சீட்டு, தபால் உறை, விளம்பர நோட்டீஸ் எல்லாம் அட்டையில் ஏறின. அதன்மேல் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கொடுத்த வெட்டுத் துணி, நூல், பட்டன், காய்ந்த இலை. எல்லாவற்றுக்கும் மேலே பெயின்ட். என் முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "கழுதைக்கு எதுக்கு அஞ்சு காலு?" என்றாள். அது குதிரை, ஐந்தாவது கால் அதன் வால். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அப்போது யோசித்தேன். இரண்டு மாதம் நான்கு மாதமாயிற்று. அவள் போகும் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பிறகு அவள் கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி வந்தது. நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஊசி போட்டு உள்ளிருந்து கொஞ்சம் எடுத்தார்கள். முடிவைத் தபாலில் அனுப்புவதாகச் சொன்னார்கள். அவளுடைய போன் எப்போதும் சார்ஜ் இல்லாமல் கிடக்கும், அதனால் என் நம்பரைக் கொடுத்தோம்.

கடிதம் வந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் பிரித்துப் படித்தேன். கட்டி கெட்டது, ஆனால் ஆரம்ப நிலை, உடனே சிகிச்சை தொடங்கினால் குணமாகும் வாய்ப்பு அதிகம், ஒரு வாரத்துக்குள் வரவும். பிழை ஒன்றும் இல்லாத கடிதம். இதைக் காட்டினால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். மகள் மறுநாளே வந்து நிற்பாள். தாயைத் தன் ஊருக்குக் கூட்டிப் போவாள். போனவள் திரும்பி வரமாட்டாள்.

ஒன்றும் இல்லையாம், வெறும் கொழுப்புக் கட்டியாம், போனில் சொன்னார்கள் என்றேன்.

"உன் சமையலைத் தின்னா கொழுப்பு வராம வேற என்ன வரும்?" என்றாள் தலையைத் துவட்டிக்கொண்டே.

அந்த வாரம் அந்தக் கடிதத்தைப் படத்தில் ஒட்டினேன். ஏன் எரிக்கவில்லை என்று, நேற்று நான் ஸ்டேஷனுக்கு வந்ததிலிருந்து கேட்கிறீர்கள். சட்டம் சட்டம்தானே, சார். எழுத்துள்ள காகிதத்தைக் கிழிக்கவும் எனக்கு மனம் வராது, தொழில் பழக்கம். அவள் தூங்கும்போது முழுசாக, எழுத்து மேலே தெரியும்படி ஒட்டி, அதன்மேல் நீலப் பெயின்ட் அடித்தேன். பிறகு இருவரும் பட்டன் வைத்தோம். வானம் என்றாள் அவள். அவள் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. வேறு ஊரில் சிகிச்சை எடுத்துக்கொள்கிறாள் என்றேன். அப்படியும் இன்னும் இரண்டு கடிதம் வந்தது, ஒன்று அடுத்த மாதமே, மற்றது அவளுக்கு விழுங்க முடியாமல் போன பிறகு. அவையும் இரண்டு படங்களாயின.

முதல் கடிதம் வந்த ஐந்தாம் மாதம் அவளுக்குக் குரல் கம்மியது. ஆறாம் மாதம் விழுங்க முடியவில்லை. ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டினேன். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள். வெயில் குறையட்டும் என்றேன். மகள் பேசும்போதெல்லாம் சளி என்று நானே பதில் சொன்னேன். ஒரு நாளாவது நான் முகம் சுளித்ததில்லை. தையல்காரம்மாவைக் கேளுங்கள், சொல்லுவாள்.

போன மாதம் ஒரு மதியம், அந்த வானத்தைக் கழற்றித் தரச் சொன்னாள். ஆஸ்பத்திரிக் காகிதம் கெட்டியானது, நடுவில் உப்பிக்கொண்டு நின்றது. பார்க்கப் பார்க்க அவளுக்கு உறுத்தியிருக்கிறது. ஈரப் பஞ்சால் தேய்த்து, நகத்தால் சுரண்டினால் அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும். அதுவும் அவள் கண்டுபிடித்த வித்தைதான்.

நான் எதிரே உட்கார்ந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தேன். முதலில் நீலம் உரிந்தது. பிறகு ஆஸ்பத்திரி முத்திரை. பிறகு அவள் பெயர். அங்கேயே நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. தேதி வரை சுரண்டினாள். ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள், ஒரு காலத்தில் நான் புரூஃப் பார்த்ததுபோல.

"எப்பக்கா வந்துச்சு இது?"

தேதிதான் இருக்கிறதே என்றேன்.

"போனைக் குடு."

பசை காய்ந்தால் பிரஷ் கட்டையாகிவிடும். கழுவி முடித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். போன் என் மடியில்தான் இருந்தது. ஒரு பிரஷைக் கழுவி முடித்து அடுத்ததை எடுத்தேன். அவளுக்குக் கத்தக் குரல் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே ஜன்னல் வரை போய், கத்தரிக்கோலின் பிடியால் கம்பியைத் தட்டினாள். நான் எழுந்து தடுக்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் தையல் மெஷின் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. மெஷின் ஓடும்வரை அவள் என்னோடுதான் இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. பிறகு அது நின்றது.

தையல்காரம்மா ஆட்டோ பிடித்து வந்தாள். தங்கை படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம். பத்தொன்பது நாள் இருந்தாள். மகள் என்னை வார்டுக்குள் விடவில்லை.

அவள் சாகட்டும் என்று நான் நினைக்கவில்லை. போகாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டும் ஒன்றுதான் என்பது அவளுக்கு ரொட்டி இறங்காத அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மூன்றாவது கடிதத்தை ஒட்டினேன். கொன்றேன் என்றே எழுதுங்கள், வாதாட மாட்டேன்.

ஆனால் வாசல் வழியாக வந்த ஒரு காகிதத்தையும் நான் தூக்கிப் போட்டதில்லை. ஆட்டத்தில் அவளை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.