உப்புநீர்ப் புட்டி

என் வீட்டுச் சமையலறையைப் போலச் சுத்தமான ஒன்றை இந்தப் பர்னி ஊரில் நீங்கள் பார்க்க முடியாது, இன்ஸ்பெக்டர். மகள் பிரையனிக்கு நுரையீரலில் சளி கெட்டியாகப் படியும் பிறவி நோய். ஒன்பது வயது. காலையும் மாலையும் உப்புநீரால் மூக்கைக் கழுவிவிட வேண்டும். கழுவும் புட்டியை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டு உலர வைக்க வேண்டும். நான் ஒரு நாளும் தவறியதில்லை. அப்படியும் இரண்டு வருடம் முன்பு அவள் சளியில் ஒரு கிருமி குடியேறிவிட்டது. இனிப் போகாது என்றார்கள்.

அதே நோயுள்ள இன்னொரு குழந்தை எங்கள் ஊரில் உண்டு. மேவ், கிளேரின் மகள். அவளுக்குக் கிருமி இல்லை. அதனால் இருவரும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. கார் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து கையாட்டுவார்கள். ஒருமுறை அப்படி ஆட்டிவிட்டு பிரையனி கேட்டாள்: "அம்மா, அவளுக்கும் இது வந்துட்டா நாங்க சேர்ந்து விளையாடலாமா?"

அப்போதும் கூடாது என்று மருத்துவர் என்னிடம் விளக்கியிருந்தாராம். நீங்கள் சொல்கிறீர்கள். எனக்கு ஞாபகமில்லை.

மே மாதம் கிளேரின் அப்பா இறந்தார். இரண்டு நாள் மேவைப் பார்த்துக்கொள்ள என்னைத்தான் கூப்பிட்டாள். பிரையனியை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, குளித்து, வேறு உடை மாற்றிக்கொண்டு போனேன்.

"இதெல்லாம் தெரிஞ்சவ நீ ஒருத்திதான், ஷெரில். உன்கிட்ட விட்டுட்டுப் போறேன்னா எனக்குக் கவலையே இல்ல" என்றாள் கிளேர்.

பிரையனி மூக்கைக் கழுவியபின் அவள் புட்டியில் மிஞ்சிய நீரைக் கைப்பையில் கொண்டுபோயிருந்தேன். அதைத்தான் மேவின் புட்டியில் ஊற்றினேன். சில்லென்றிருந்தால் குழந்தைக்கு எரியுமே என்று வெதுவெதுப்பாக்கினேன்.

"உப்பே கலக்கலையே, ஷெரில்" என்றாள் மேவ்.

கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்ணச் சொன்னேன். சமர்த்தாக எண்ணினாள். இரண்டு நாளில் நான்கு தடவை.

ஆறு வாரத்தில் காய்ச்சல் வந்தது. இப்போது ஹோபார்ட் மருத்துவமனையில் குழாய் வழியாக மூச்சுவிடுகிறாள். இரண்டு குழந்தைகளின் கிருமியும் ஒன்றேதான் என்று ஆய்வகத்தில் கண்டுபிடித்ததாகச் சொன்னீர்கள். அதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை, என்னைக் கேட்டிருக்கலாம். நான்தான் செய்தேன். வெறுப்பில் செய்யவில்லை. கிளேரை எனக்குப் பிடிக்கும்.

நேற்று மாலை பிரையனியிடம் சொன்னேன்: "மேவுக்கும் இப்ப உன்னோட கிருமிதான், கண்ணு."

"நான் சும்மாதாம்மா கேட்டேன்" என்றாள். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்று காலை நான் இங்கே வரப் புறப்படும்வரை திறக்கவில்லை.

ரொம்பச் சந்தோஷம் வந்தால் அவள் அப்படித்தான்.